ஃபேமிலி பில்டிங்

எங்கள் குடியிருப்புக்கு ஐந்து வருடம் நிறைந்ததைக் கொண்டாட ஒரு மலர் போட்டோம். அதில் இரண்டு பக்கத்துக்குக் குடியிருப்பின் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. விழாமல் எங்கே போகும், சங்கத்தின் செக்ரட்டரி நான்தானே. எழுதிக் கொடுத்தேன். முற்றத்தில் கேஸ் அடுப்பு வைத்துப் பொங்கிய பொங்கல், நோன்பு மாதத்தில் வீடு வீடாகப் போன கஞ்சித் தூக்குகள், குழந்தைகளின் மாறுவேடப் போட்டி எல்லாம் அதில் உண்டு. படித்துவிட்டுக் கண் கலங்கியதாக நாலு பேர் சொன்னார்கள். அப்துல் ஹாதி பாயைப் பற்றி அதில் ஒரே ஒரு வரி இருக்கிறது. 'ஆரம்ப காலத்தில் உதவியவர்களில் ஒருவர்.' அந்த வரியை எழுதும்போதே எனக்கு என் மேல் எரிச்சலாக இருந்தது. மலரில் போட முடியாததை இங்கே எழுதுகிறேன்.

குவைத்தில் அப்பாசியா போய் 'மூணு பில்டிங்' என்று சொன்னால் எந்த டாக்சிக்காரனும் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுவந்து விடுவான். நடுவில் ஒரு மணல் முற்றம். அதைச் சுற்றி நாலு தளக் கட்டடங்கள் மூன்று. மொத்தம் முப்பத்தாறு ஃப்ளாட். 1990 ஆகஸ்டில் ஈராக் படை உள்ளே வந்தபோது அங்கே இருந்த குடும்பங்கள் எல்லாம் உடுத்திய துணியோடு ஜோர்டான் பக்கம் ஓடின. ஏழு மாதம் சிப்பாய்கள் தங்கினார்கள். குளிருக்குக் கதவுகளை உடைத்து எரித்தார்கள். போகும்போது குழாய், சுவிட்சு, கழிப்பறைக் கோப்பை என்று பெயர்க்க முடிந்ததை எல்லாம் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 92 மார்ச்சில் நான் முதலில் பார்த்தபோது, எண்ணெய்க் கிணறுகள் எரிந்த புகை படிந்து சுவர்கள் அடுப்படி மாதிரி கறுத்திருந்தன. இதிலா குடியிருக்கப் போகிறோம் என்று என் மனைவி தாமரை அழுதாள். அவளுக்கு அழுகைக்கும் ஆத்திரத்துக்கும் ஒரே முகம்தான்.

அந்தக் கறுத்த கட்டடங்களை மறுபடி வீடாக்கியவர் அப்துல் ஹாதி பாய். அதிராம்பட்டினத்துக்காரர். போருக்கு முன்னால் அங்கேயே தரைத்தளத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். ஊரே ஓடியபோது அவர் ஓடவில்லை. ஏன் பாய் என்று கேட்டால், "ஓடத்தான் பாத்தேன். பஸ்ஸுல எடம் கெடைக்கல" என்பார். கட்டட முதலாளியின் பத்திரங்களை ஏழு மாதமும் ஓர் அரிசி மூட்டைக்குள் வைத்துக் காப்பாற்றியதை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை, முதலாளியின் ஆட்கள் சொல்லித்தான் தெரியும். திரும்பி வந்த முதலாளி அவருக்கு மூன்றாம் நம்பர் ஃப்ளாட்டைக் கொடுத்து, மற்றதற்கெல்லாம் குடித்தனம் பிடித்துத் தரச் சொன்னார்.

பாய் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய் லாரி லாரியாகக் கதவுகள் வாங்கி வந்தார். எல்லாம் எங்கெங்கோ கொள்ளை போன கதவுகள். ஒன்றும் நிலையில் ஒழுங்காகப் பொருந்தாது. எங்கள் வாசல் கதவில் ஏதோ அரபி எழுத்து சுரண்டியும் போகாமல் நின்றது. சாமி பெயராக இருக்குமோ, செருப்புக் காலோடு போகிறோமே என்று தாமரை பயந்தாள். பாய் வந்து குனிந்து வாசித்துவிட்டு, "பல் டாக்டர், நேரம் நாலுலேந்து எட்டு வரைக்கும்" என்றார்.

எங்கள் முப்பத்தாறு குடும்பத்திலும் அரபி வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஊரில் ஏதோ மதரசாவில் ஏழு வருடம் படித்தவர். மற்ற முஸ்லிம் குடும்பங்களுக்கு ஓதத் தெரியும், அர்த்தம் தெரியாது. எங்களுக்கு அதுவும் தெரியாது. வாடகை ஒப்பந்தம், கரண்டு பில், ஆஸ்பத்திரிச் சீட்டு, போலீஸ் அபராதக் காகிதம் எது வந்தாலும் மூன்றாம் நம்பர் வாசலில் போய் நிற்போம். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த அரபிக்காரனோடு எங்களுக்காகப் பேசினாலும், ஒரு வாக்கியம் அரபியில் சொன்னால் உடனே அதையே தமிழிலும் சொல்லிவிடுவார். அவன் சொல்வதையும் அப்படியே சொல்வார். கூடுதலும் இருக்காது, குறைச்சலும் இருக்காது. "நாளைக்கி நான் ஒண்ணு சொன்னேன், அவன் ஒண்ணு சொன்னான்னு பேச்சு வரக் கூடாது பாருங்க" என்பார்.

முதலாளி போட்ட ஒரே நிபந்தனை, குடும்பங்களுக்கு மட்டும்தான் வீடு. பேச்சிலருக்குக் கிடையாது. வளைகுடாவுக்கு வராதவர்களுக்கு இந்த வார்த்தை புரியாது. இங்கே பேச்சிலர் என்றால் கல்யாணம் ஆகாதவன் இல்லை. பெண்டாட்டி பக்கத்தில் இல்லாதவன். ஊரில் ஆறு பிள்ளை பெற்று, மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் ஐம்பது வயதுக்காரனும் இங்கே பேச்சிலர்தான். ஒரு அறைக்கு எட்டுக் கட்டில் போட்ட கட்டடங்களில்தான் அவன் இருக்க வேண்டும். குடும்பங்கள் இருக்கும் படிக்கட்டில் அவன் ஏறினாலே பெண்கள் கதவைச் சாத்துவார்கள்.

சங்கம் ஆரம்பித்ததும் இந்த விதியைக் காப்பாற்றும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ளச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கௌஸ் முகைதீன் என்று ஒருவர் மேல்தளத்தில் இருந்தார். 94இல் அவர் மனைவி பிள்ளைகளின் படிப்புக்காக ஊரோடு போய்விட்டாள். ஒரே மாதத்தில் அவரைக் காலி செய்ய வைத்தேன். பாய் அப்போது, "நல்ல மனுஷன் சார், மூணு மாசம் குடுங்களேன்" என்று எனக்காகக் காத்திருந்து கேட்டார். விதி என்றால் விதிதான் பாய் என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பாயின் மனைவி ரஹீமா பீவி. குரல் பெரிது, கை அதைவிடப் பெரிது. துணி காயப்போடும் கொடிக்காகத் தாமரையோடு மாதம் ஒரு சண்டை போடுவார். அதே தாமரைக்கு எங்கள் மகள் மஹதி பிறந்தபோது நாற்பது நாளும் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்து அனுப்பியதும் அவர்தான். 96 ஜனவரியில் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் இரண்டாம் நாள் மௌத்தாகிவிட்டார். சுலைபிகாத் மண்ணில் அடக்கம் செய்தார்கள். மூணு பில்டிங்கின் ஆண்கள் மொத்தமும் போயிருந்தோம். பாய்க்கு ஒரே மகள், ஆலியா. பத்தாம் வகுப்புக்குப் போக வேண்டியவள். கணக்கில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குவாள்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு எல்லா வீட்டுக்கும் நெய்ச்சோறு வந்தது. சாப்பிட்டு முடித்து, கையில் நெய் வாசம் போவதற்குள் தாமரை கேட்டாள்.

"ஏங்க, இப்ப அவர் பேச்சிலர்தானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது என்று சொன்னால் பொய். எனக்கும் அந்த நினைப்பு வந்திருந்தது. தாமரையின் தம்பி முகிலனுக்கு அஹமதியில் வேலை கிடைத்திருந்தது. வைகாசியில் கல்யாணம். பெண்டாட்டியை அழைத்துவரக் குடும்ப வீடு வேண்டும், அப்பாசியாவில் அப்போது குடும்ப வீடு குதிரைக்கொம்பு. மூன்றாம் நம்பரில் இரண்டு படுக்கையறை, முற்றத்துப் பக்கம் தனி வாசல் வேறு.

"பொண்ணு இருக்கே" என்றேன்.

"பொண்ணு இருந்தா ஃபேமிலியாயிடுமா? பொம்பள இல்லாத வீடுங்க அது. வயசுப் பொண்ணு தனியா இருக்கற வீட்டுக்கு நாலு பேரு பில்லு, கடுதாசின்னு வந்து போறான். நாளைக்கு ஒண்ணுன்னா செக்ரட்டரியத்தானே கேப்பாங்க?"

அடுத்த வாரம் சங்கக் கூட்டத்தில் பேச்சை எடுத்தேன். முகிலனைப் பற்றி மூச்சு விடவில்லை. பொருளாளர் ஜெய்னுலாப்தீன், அப்துல் ஹாதி பாயின் ஊர்ப்பக்கத்துக்காரர். அவர் எதிர்ப்பார் என்று நினைத்தேன். அவரோ, "நம்ம சனம்னு நான் பேசுனா தப்பாப் போயிடும். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார். முதலாளியிடம் பாய்க்கு இருந்த செல்வாக்கு அவருக்குப் பல வருடமாகச் செரிக்கவில்லை. மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஐந்தே நிமிடத்தில் முடிந்தது.

பாயிடம் சொல்ல நானே போனேன். ஆலியா சாப்பாட்டு மேஜையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பாய் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முதலில் சிரித்தார்.

"நான் பேச்சிலரா சார்?"

நான் சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தார்.

"சரி. ரூலு நானும் சேந்து சொன்னதுதான். இல்லங்கல. ஒரு வருசம் குடுங்க. வர்ற மார்ச்சுல புள்ளைக்கு பத்தாவது பரீச்ச. அது முடியட்டும், நானே சாவியக் குடுத்துர்றேன். இத உட்டா அப்பாசியாவுல எவனும் எனக்கு ஃபேமிலி வூடு தரமாட்டான். புள்ளய ஊருக்குத்தான் அனுப்பணும். அங்க எங்க காக்கா வூடுதான், எனக்கு மூத்தவரு. அவருக்குப் பொம்பளப் புள்ளங்க படிக்கிறது ஆவாது. வயசுக்கு வந்த புள்ளய எதுக்கு வச்சிருக்கேன்னு ஒரு மாசத்துல கல்யாணப் பேச்ச ஆரம்பிச்சுருவாரு."

"நான் கமிட்டில சொல்றேன் பாய்."

"சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

நான் கமிட்டியில் சொல்லவில்லை. மார்ச் வரைக்கும் என்று ஒரு பேச்சு நடந்ததே யாருக்கும் தெரியாது. இதை இப்போதுதான் முதல்முறையாக வெளியே சொல்கிறேன்.

முதலாளி பாயை லேசில் விடமாட்டார் என்று தெரியும். அதனால் எல்லோரும் கையெழுத்துப் போட்ட மனு ஒன்று கொடுப்பது என்று முடிவானது. மனு அரபியில் இருக்க வேண்டும். எங்களுக்கு அரபி மனு எழுதித் தருகிறவரே பாய்தான். அவரிடம் போய், உங்களை வெளியேற்ற ஒரு மனு எழுதித் தாருங்கள் என்று கேட்க முடியுமா? நான் ஃபர்வானியாவில் ஒரு டைப்பிங் கடைக்குப் போனேன். தட்டச்சுக்காரனுக்கு எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

"ஏ ஃபேமிலி பில்டிங் ஹை. பீவி நஹி, தோ ஆத்மி பாஹர்."

பெண்டாட்டி இல்லையென்றால் ஆள் வெளியே. அவனுக்குப் புரிந்தது. ஃப்ளாட் நம்பர் என்ன, ஆள் பெயர் என்ன என்று கேட்டான். நான் யோசித்தேன். அத்தனை வருடம் உதவி செய்தவர், பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதர். அவர் பெயரைக் காகிதத்தில் போட்டுக் கொடுப்பது நாகரிகமாகப் படவில்லை. கூட வந்த ஜெய்னுலாப்தீனும், "பேரு வேணாம் சார், பாவம்" என்றார். பொதுவாகவே அடி என்று சொல்லிவிட்டேன். அவனும் அடித்துக் கொடுத்தான். அழகாக, ஒரு பக்கத்துக்கு இருந்தது. அதில் எது தலை, எது கால் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

ஜூன் முதல் வாரம் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். முப்பத்து நாலு கையெழுத்து. மூன்றாம் நம்பரைக் கேட்கவில்லை. இரண்டாவது கட்டடத்து நர்ஸ் நாகவள்ளி மட்டும், "எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு சார்" என்று பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நாலு தரம் போனேன், நாலு தரமும் அவளுக்கு டூட்டி. மற்றவர்கள் எல்லாம் நின்ற வாக்கில் போட்டார்கள். மனுவை முதலாளியின் ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் இருபதுக்குப் பள்ளிகள் மூடின. தாமரை மஹதியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனாள். மூணு பில்டிங்கின் மனைவிமார் அநேகமாக எல்லோரும் போனார்கள். ஒவ்வொரு கோடையும் இப்படித்தான். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் கைலி கட்டிய ஆண்கள் உப்புமா கிண்டிக்கொண்டு கிடப்போம். நாகவள்ளியும் ஆகஸ்டுக் கடைசியில்தான் லீவு கிடைக்கும் என்று புருஷனோடு இருந்தாள்.

ஜூலை மத்தியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு என் கதவைத் தட்டினார்கள். வெயில் நாற்பத்தெட்டைத் தாண்டியிருந்தது. நான் பனியனோடு போய்த் திறந்தேன். முதலாளியின் மேனேஜர் நின்றார், முதீர் என்போம். கூட இரண்டு ஆட்கள். ஒருவன் கையில் அட்டை வைத்த காகிதம்.

"வேன் மதாம்?" என்றார் முதீர். மேடம் எங்கே?

"மதாம் இந்தியா" என்றேன்.

என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். நாற்காலியில் மூன்று நாள் துணி குவிந்து கிடந்தது. அட்டைக்காரன் எதையோ குறித்துக்கொண்டான். அடுத்த கதவைத் தட்டினார்கள். மதாம் இந்தியா. அதற்கடுத்த கதவு. மதாம் இந்தியா. மாடிப்படியில் அந்த இரண்டு வார்த்தையும் ஏறிக்கொண்டே போவது எனக்குக் கேட்டது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வருடாந்தரக் கணக்கெடுப்பு என்றே நினைத்தேன்.

அரை மணி நேரத்தில் எல்லோரையும் முற்றத்துக்கு வரச் சொன்னார்கள். முதல் கட்டடத்தின் நிழலில் முப்பது முப்பத்திரண்டு ஆண்கள் நின்றோம். முதீர் அந்த மனுவை உயர்த்திப் பிடித்து அரபியில் கத்தினார். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவருக்கே அலுத்துப்போய், "வேன் அப்துல் ஹாதி?" என்று கேட்டார். பாய் வீட்டிலிருந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். பின்னால் வாசற்படியில் தலையில் துப்பட்டாவோடு ஆலியா நின்றாள்.

முதீர் மனுவைப் பாயின் கையில் கொடுத்தார். பாய் முதலில் மனதுக்குள் வாசித்தார். பிறகு கீழே இருந்த கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எத்தனையோ காகிதத்தில் எங்கள் கையெழுத்துகளைப் பார்த்தவர். யாருடையது எது என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதன் பிறகு தன் வழக்கப்படி தமிழில் சொன்னார்.

"'இந்தக் கட்டடங்கள்ல மனைவி இல்லாம வசிக்கிற ஆம்பளைங்க எல்லாரையும் உடனே வெளியேத்தணும்னு கீழ கையெழுத்துப் போட்டிருக்கிற நாங்க கேட்டுக்குறோம்.' இதான் எழுதியிருக்கு. முதீர் வந்து எண்ணிப் பாத்துருக்காரு. முப்பத்து மூணு வீட்டுல மனைவி இல்ல. நீங்க கேட்ட மாதிரியே இந்த மாசக் கடைசிக்குள்ள எல்லாரும் காலி பண்ணணும்னு சொல்றாரு."

புதுக் குடித்தனம் வந்தால் இரண்டு மடங்கு வாடகை வாங்கலாம் என்று முதீர் ஒரு வருடமாக வாயில் எச்சில் ஊறக் காத்திருந்தது எல்லோருக்கும் தெரியும். நாங்களே தட்டில் வைத்து நீட்டியிருந்தோம். ஜெய்னுலாப்தீன்தான் முதலில் வாய் திறந்தார்.

"ஹாதி காக்கா, நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

பிறகு எல்லோரும் கத்த ஆரம்பித்தார்கள். பாய், சொல்லுங்க பாய். பாய், புள்ளகுட்டி ஊருக்குப் போயிருக்கு பாய். நானும் போய் அவர் கையைப் பிடித்தேன். வெட்கமில்லாமல் பிடித்தேன்.

பாய் முதீரிடம் பேசினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"இது எங்க நாட்டு ஸ்கூல் லீவு காலம்னு சொல்றேன். செப்டம்பர் மொத வாரம் எல்லாரும் வந்துருவாங்கன்னு சொல்றேன். விசா, டிக்கெட்டு எல்லாம் காட்டுவாங்கன்னு சொல்றேன்."

முதீர் ஏதோ கேட்டார்.

"அப்ப பேச்சிலர்னா என்ன அர்த்தம்னு கேக்குறாரு." பாய் நெற்றி வியர்வையைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். அரபியில் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார்: "பொஞ்சாதி உசுரோட இருக்குற எவனும் பேச்சிலர் இல்லன்னு சொல்லிருக்கேன். அவ எந்த நாட்டுல இருந்தாலும் சரி. ஊருக்குப் போனவ திரும்பி வருவா."

முதீர் தாடையைச் சொறிந்தார். பாயின் பேச்சு முதலாளியிடம் எடுபடும் என்று அவருக்கும் தெரியும். வேண்டாவெறுப்பாகத் தலையை ஆட்டினார். செப்டம்பர் வரை பார்க்கலாம் என்றார். எங்கள் கூட்டத்தில் பெருமூச்சு கேட்டது. யாரோ பாயின் முதுகில் தட்டினார்கள்.

அதோடு முடிந்திருக்கும். முதீர் காரை நோக்கி இரண்டு அடி வைத்தவர் திரும்பி நின்று, மனுவை விரலால் தட்டி ஏதோ கேட்டார். பாய் உடனே மொழிபெயர்க்கவில்லை. நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்படின்னா இந்த மனு யாரப் பத்தினதுன்னு கேக்குறாரு" என்றார்.

முப்பது ஆம்பிளைகள் மணலைப் பார்த்தார்கள். முதீர் என்னைப் பார்த்தார். மனு கொடுத்தவன் நான் என்று அவருக்கு ஞாபகம் இருந்தது. பாயும் என்னைத்தான் பார்த்தார்.

எனக்கு நாலு அரபி வார்த்தை தெரியும். அதில் ஒன்று 'மாஃபி'. ஒன்றும் இல்லை, யாரும் இல்லை. காய்கறிக் கடையில் தினம் பத்துத் தரம் சொல்கிற வார்த்தை. அதை அப்போது சொல்லியிருந்தால் போதும். தப்பாக எழுதிவிட்டோம், யாரும் இல்லை என்று சிரித்துச் சமாளித்திருக்கலாம். முதீர் காரில் ஏறிப் போயிருப்பார். ஆலியா மார்ச்சில் பரீட்சை எழுதியிருப்பாள். நான் முகிலனின் கல்யாணப் போட்டோவை நினைத்தேன். தாமரை செப்டம்பரில் வந்து, என்ன ஆச்சு என்று கேட்கப்போவதை நினைத்தேன். அப்புறம், முப்பது பேர் முன்னால் செக்ரட்டரி தப்பாக மனு எழுதினான் என்று ஆகிவிடுமே என்றும் நினைத்தேன். இந்தக் கடைசி நினைப்புத்தான் என் வாயைத் திறந்தது.

"மூணாம் நம்பர் ஃப்ளாட்" என்றேன். தமிழில்.

பாய் என் முகத்திலிருந்து கண்ணை எடுத்து முதீர் பக்கம் திரும்பினார். அவர் அதை மாற்றிச் சொல்லியிருக்கலாம். முப்பது பேரில் எவனுக்கும் தெரிந்திருக்காது. அவர் அரபியில் சொன்னார். மூன்றுக்கு அரபியில் தலாதா. அது எனக்குத் தெரிந்த இன்னொரு வார்த்தை. குரல் கொஞ்சமும் மாறவில்லை, கரண்டு பில்லில் எண் வாசிப்பதுபோல் சொன்னார்.

முதீருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அது நீயல்லவா?" என்று அவர் கேட்டிருக்க வேண்டும். பாய் தன் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தார். அதை மட்டும் அவர் எங்களுக்குத் தமிழில் சொல்லவில்லை. வாசற்படியில் நின்ற ஆலியா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதுவும் சந்தைக் கதவுதான், சரியாகச் சாத்தாது. இரண்டு மூன்று தடவை இழுத்துச் சாத்தினாள்.

முதலாளி ஒன்றும் செய்யமாட்டார் என்று சிலர் சொன்னார்கள். பாய் அவரிடம் போகவே இல்லை. முப்பத்து நாலு பேர் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்ட இடத்தில் மகளை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்று நாகவள்ளியிடம் சொன்னாராம். ஆகஸ்டுக் கடைசியில் காலி செய்தார். நாகவள்ளி லீவில் போகும்போது அவள் துணையில் ஆலியாவை ஊருக்கு அனுப்புவதாக ஏற்பாடு. பாயிடம் கார் கிடையாது. விமான நிலையத்துக்கு நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். மறுப்பார் என்று நினைத்துத்தான் கேட்டேன். சரி என்றார்.

விமான நிலையத்தில் ஆலியாவின் பெட்டி ஆறு கிலோ கூடுதலாக இருந்தது. அவளே கீழே உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். மேலே அவள் உம்மாவின் சேலைகள். அடியில் பத்தாம் வகுப்புப் புத்தகங்கள். நான், "சேலைய எடுத்துடும்மா, அப்பறம் யார் கைலயாவது குடுத்து அனுப்பலாம்" என்றேன். அவள் புத்தகங்களை எடுத்துத் தரையில் அடுக்கினாள்.

"இட்ஸ் ஓகே அங்கிள். அங்க படிக்க விட மாட்டாங்க. எதுக்கு வேஸ்ட் வெயிட்?"

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோல் சொன்னாள். நாகவள்ளி அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் அழைத்துக்கொண்டு போனாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் ஆலியா ஒரு தடவை திரும்பி வாப்பாவுக்குக் கை காட்டினாள். பாயும் காட்டினார். நான் புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது பாய் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். புத்தகக் கட்டு அவர் மடியில் இருந்தது. சட்டைப் பையிலிருந்து மூன்றாம் நம்பர் சாவியை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார்.

"பாத்ரூம் தாழ்ப்பாள மேல தூக்கிப் போட்டாத்தான் விழும். தம்பிக்கிட்ட சொல்லிருங்க."

முகிலன் வரப்போவது அவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

"பாய், மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. ரூல்னு ஒண்ணு இருந்தா..." என்று ஆரம்பித்தேன். அவர் மடியிலிருந்த புத்தகக் கட்டைச் சரிசெய்துகொண்டார். நான் முடிக்கவில்லை.

கைத்தானில் ஒரு பேச்சிலர் கட்டடத்தில் கட்டில் பிடித்திருந்தார். வாசலில் செருப்புகள் மலையாகக் கிடந்தன. இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னலில் குனிந்தார்.

"தாமரைம்மா எப்ப வர்றாங்க?"

"செப்டம்பர் மூணாந்தேதி பாய்."

"நல்லாப் பாத்துக்குங்க. அல்லா அவங்களுக்கு நூறு வயசு குடுக்கட்டும். அவங்க இருக்குற வரைக்குந்தான் சார் ஒங்களுக்கு வூடு."

புத்தகங்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

முகிலன் வந்தான், அவன் மனைவி வந்தாள், வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். அரபிக் காகிதம் வந்தால் இப்போது ஃபர்வானியா டைப்பிங் கடைக்குத்தான் ஓடுகிறோம். ஆலியாவுக்குப் பிப்ரவரியில் நிக்காஹ் ஆகிவிட்டது என்று ஜெய்னுலாப்தீன் சொன்னார். பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில்தான் தாமரைக்கு மார்ச்சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் இறங்கவில்லை. நாகவள்ளி வந்து பார்த்துவிட்டு, "நூத்தி மூணு இருக்கு சார், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். காரில் பின்சீட்டில் தாமரை கண்ணை மூடி முனகிக்கொண்டு வந்தாள். நான் வண்டி ஓட்டிக்கொண்டே யோசித்தேன். ஒப்பந்தம் ஜூனில்தான் முடிகிறது. அதற்குள் மனு கொடுப்பார்களா? ஜெய்னுலாப்தீன் எழுதுவாரா? என் ஃப்ளாட் நம்பரைப் போடுவார்களா, பாவம் என்று விட்டுவிடுவார்களா? இரண்டு சிக்னல் தாண்டிய பிறகுதான், பின்னால் கிடப்பவள் என் பெண்டாட்டி என்பதும் மஹதிக்கு மூன்று வயதுதான் என்பதும் ஞாபகம் வந்தது.

காய்ச்சல் இறங்கிய அன்று தாமரை என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்பப் பயந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.